'புல்வெளியில் 66%' வேற, 'அழிந்ததில் 66%' வேற: கொடைக்கானல் மலை ஆய்வை எப்படிப் படிக்கணும்?

கொடைக்கானல் போய்விட்டு பைன் காட்டில் ஒரு போட்டோகூட எடுக்காமல் திரும்பி வருபவர்கள் ரொம்பக் குறைவு. வரிசை வரிசையாக நிற்கும் மரங்கள், நடுவில் பனி, ஏற்கெனவே சினிமாவில் பார்த்துப் பழகிய இடம். ஆனால் அந்த மரங்கள் அந்த மலைக்குச் சொந்தமானவை அல்ல. பைன், யூகலிப்டஸ், உள்ளூரில் சீகை மரம் என்று சொல்லப்படும் வாட்டில் எல்லாமே வெளியில் இருந்து கொண்டுவந்து நடப்பட்டவை.

அப்படின்னா, அந்த மரங்கள் வருவதற்கு முன்னாடி அங்கே என்ன இருந்தது?

பத்துப் பேரிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "வேற என்ன, சோலைக்காடுதான் இருந்திருக்கும்." மரத்தை வெட்டி மரம் நட்டார்கள், இப்போது அந்த அந்நிய மரத்தை அகற்றிவிட்டு மறுபடியும் நம்ம ஊர் சோலை மரத்தை நட வேண்டும். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் பழனி மலையில் நடந்த ஆய்வு ஒன்று இரண்டே சதவீதங்களில் வேறு கதை சொன்னது. அந்த இரண்டு எண்களையும் சரியாகப் படிக்கத் தெரிந்தால்தான், மலை மேல் மரம் நடுவதா, நடாமல் விடுவதா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். தப்பாகப் படித்தால் நல்ல எண்ணத்தோடு நடப்படும் மரக்கன்றே புல்வெளிக்கு எமனாகும்.

ஆய்வு என்ன சொன்னது?

2018 ஜனவரியில் 'பிளாஸ் ஒன்' என்ற அறிவியல் இதழில் அந்தக் கட்டுரை வெளியானது. அரசுமணி, திருப்பதி ஐஐஎஸ்இஆர் நிறுவனத்தைச் சேர்ந்த வி.வி.ராபின் உள்ளிட்ட குழுவினர் எழுதியது. வட்டக்கானலில் பல ஆண்டுகளாகச் சோலை மீட்புப் பணியில் ஈடுபட்ட ராபர்ட் ஸ்டூவர்ட்டும் எழுதியவர்களில் ஒருவர்.

பழனி மலையின் உயரமான பகுதிகளை 1973-ல் எடுத்த செயற்கைக்கோள் படத்தையும் 2014-ல் எடுத்த படத்தையும் ஒப்பிட்டார்கள். படத்தை மட்டும் நம்பாமல் நேரில் போய்க் கள ஆய்வும் செய்தார்கள். கிடைத்த முடிவு இதுதான்: 40 ஆண்டுகளில், இயற்கையான புல்வெளியில் 66% போய்விட்டது. இயற்கையான சோலைக்காட்டில் 31% போய்விட்டது.

1973-ல் அந்த மலையில் எதைவிடவும் அதிகமாக, தொடர்ச்சியாகப் பரந்து கிடந்தது புல்வெளிதான். 2014-ல் அதுவே மிக அரிதான, துண்டு துண்டாகச் சிதறிய நிலமாகிவிட்டது. அந்த இடத்தைப் பிடித்ததில் மரத் தோட்டங்களுக்கு முதலிடம். விவசாயத்துக்கு அதற்கு அடுத்த இடம்.

66, 31. இந்த இரண்டு எண்களைப் பார்த்ததும் பலரும் செய்யும் தப்புகள் சில உண்டு.

ஒன்று, இரண்டையும் கூட்டி "97% இயற்கை அழிந்துவிட்டது" என்பது. இன்னொன்று, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து "சராசரியாக 48.5% அழிந்தது" என்பது. மூன்றாவதுதான் கண்ணுக்குத் தெரியாத தப்பு: "அழிந்ததில் 66% புல்வெளி, 31% சோலை, மீதி 3% வேற ஏதோ" என்று படிப்பது. கூட்டினால் 100-க்குப் பக்கத்தில் வருவதால் இது சரியாக இருப்பதுபோலவே தோன்றும். மூன்றுமே தப்பு.

அந்த 'இல்' எங்கே ஒட்டியிருக்குன்னு பாருங்க

சதவீதக் கணக்கில் தமிழ் நமக்கு ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. 'இல்' என்ற உருபு. எதை முழுசா, அதாவது 100 ஆக எடுத்துக்கொண்டோம் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

"புல்வெளியில் 66% அழிந்தது." இங்கே 'இல்' ஒட்டியிருப்பது புல்வெளியோடு. 1973-ல் இருந்த புல்வெளி முழுவதும் 100. அதில் 66 போச்சு.

"அழிந்ததில் 66% புல்வெளி." இங்கே 'இல்' இடம் மாறிவிட்டது. இப்போது அழிந்துபோன நிலம் முழுவதும் 100. அதில் புல்வெளியின் பங்கு எவ்வளவு என்பது கேள்வி.

சொற்கள் ஒன்றேதான். உருபு இடம் மாறியதும் கேள்வியே மாறிவிடுகிறது. கணக்குப் பாடத்தில் இதற்குப் பெயர் நிபந்தனை நிகழ்தகவு. 'இது இன்னதுதான் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால், அது இன்னதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு' என்பதைக் கண்டுபிடிக்கும் கணக்கு. ஒரு இடம் 1973-ல் புல்வெளி என்று தெரியும், அது அழிந்திருக்க வாய்ப்பு என்ன? இது முதல் கேள்வி. ஒரு இடம் அழிந்துவிட்டது என்று தெரியும், அது முன்னாடி புல்வெளியாக இருந்திருக்க வாய்ப்பு என்ன? இது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை அப்படியே தூக்கி இரண்டாவதுக்குக் கொடுக்க முடியாது.

மலையேறும் வனத்துறை ஊழியருக்கு முன்னால் இருப்பது இரண்டாவது கேள்விதான். அவர் முன்னால் சீகை மரத் தோப்பு நிற்கிறது. அதற்கு முன்னாடி இங்கே என்ன இருந்தது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

இ-பாஸ் கணக்கில் இதைப் பார்க்கலாம்

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு உதாரணம். கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை 2024 மே 7-ம் தேதி அமலுக்கு வந்தது. அதன்பிறகு 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு, கொடைக்கானலுக்குள் வார நாட்களில் நாளொன்றுக்கு 4,000 வாகனங்கள், வார இறுதி நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் உச்சவரம்பு விதித்தது.

இந்த வரம்பு ஒரு வாரம் முழுக்க நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த வாரம் இ-பாஸ் வாங்கி மேலே வந்த வாகனங்களில் ஏதாவது ஒன்றை நிறுத்தி, "நீங்க வந்தது சனி, ஞாயிறா?" என்று கேட்கிறோம். "ஆமா" என்று பதில் வர எவ்வளவு வாய்ப்பு?

6,000, 4,000 என்ற எண்களைப் பார்த்ததும் மனசு 60% என்று சொல்லும். சரியான பதில் 37.5%. ஏன்? வார நாட்கள் ஐந்து, ஐந்து நாளுக்கு 20,000 வாகனங்கள். வார இறுதி நாட்கள் இரண்டு, இரண்டு நாளுக்கு 12,000. மொத்தம் 32,000. அதில் 12,000 என்றால் 37.5%.

சனிக்கிழமையில் கூட்டம் அதிகம் என்பது உண்மை. வந்தவர்களில் பெரும்பாலானோர் சனி, ஞாயிறில் வந்தவர்கள் என்பது இந்தக் கணக்கில் உண்மை இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். காரணம், நாட்களின் எண்ணிக்கை. ஐந்தும் இரண்டும் சமம் இல்லை. பழனி மலைக் கணக்கில் அந்த 'நாட்களின் எண்ணிக்கை' இடத்தில் வருவது, 1973-ல் எந்த நிலம் எவ்வளவு பரப்பு இருந்தது என்பது.

100 கட்டம் போட்டுப் பார்த்தால்

ஒரு பேச்சுக்கு, மலையை 100 சம கட்டங்களாகப் பிரித்துக்கொள்வோம். இனி வரும் பரப்பளவு எண்கள் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக மட்டுமே, ஆய்வில் இருந்து எடுத்தவை அல்ல. 66, 31 மட்டும்தான் ஆய்வின் எண்கள்.

முதலில், 1973-ல் 60 கட்டம் புல்வெளி, 20 கட்டம் சோலை, மீதி 20 ஊர், ஏரி, தோட்டம் என்று வைப்போம்.

புல்வெளியில் 66% போனால் 60-ல் 39.6 கட்டம் போச்சு. சோலையில் 31% போனால் 20-ல் 6.2 கட்டம் போச்சு. மொத்தம் போனது 45.8 கட்டம். இப்போது இரண்டாவது கேள்வி: அழிந்த அந்த 45.8 கட்டத்தில் புல்வெளி எவ்வளவு? 39.6-ஐ 45.8-ஆல் வகுத்தால் சுமார் 86%.

66 எங்கே, 86 எங்கே!

இப்போது பரப்பை மட்டும் தலைகீழாக மாற்றுவோம். 20 கட்டம் புல்வெளி, 60 கட்டம் சோலை. அதே 66%, அதே 31%. புல்வெளியில் போனது 13.2 கட்டம். சோலையில் போனது 18.6 கட்டம். மொத்தம் 31.8. அழிந்ததில் புல்வெளி சுமார் 41.5% மட்டுமே. இந்தக் கற்பனை மலையில் "பெரும்பாலும் சோலைதான் போச்சு" என்று சொல்பவர்கள் ஜெயித்துவிடுவார்கள்.

ஆக, வெறும் 66, 31 என்ற இரண்டு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு 'அழிந்தது பெரும்பாலும் எது' என்ற கேள்விக்குப் பதிலே சொல்ல முடியாது. ஆரம்பத்தில் எது எவ்வளவு இருந்தது என்ற மூன்றாவது தகவல் கட்டாயம் வேண்டும். இப்படி ஆரம்பப் பங்கையும் சேர்த்துக் கேள்வியைத் திருப்பிப் போடும் முறைதான் பேயஸ் தேற்றம். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பந்து, பை, பெட்டி என்று பார்த்துவிட்டுப் பரீட்சையோடு மறந்துபோன அதே தேற்றம்தான். தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதி வைத்திருந்த குறிப்பு, அவர் இறந்த பிறகு 1763-ல் அச்சானது.

சரியான பரப்பளவு தெரியலைன்னா?

இங்கேதான் இந்த ஆய்வில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. துல்லியமான சதுர கிலோமீட்டர் எண்கள் கையில் இல்லாவிட்டாலும் ஒரு உறுதியான முடிவுக்கு வந்துவிட முடியும்.

புல்வெளியும் சோலையும் சரிசமமாக இருந்தன என்று வைப்போம். ஆளுக்கு 40 கட்டம். புல்வெளியில் போனது 26.4, சோலையில் போனது 12.4, மொத்தம் 38.8. அழிந்ததில் புல்வெளியின் பங்கு 68%.

ஆனால் 1973-ல் சரிசமமாக இல்லை. புல்வெளிதான் அதிகம் இருந்தது என்று ஆய்வே சொல்கிறது. புல்வெளியின் ஆரம்பப் பங்கு ஏற ஏற, இந்த 68%-ம் மேலேதான் போகும், கீழே இறங்காது. அப்படியானால், அந்த 40 ஆண்டுகளில் பழனி மலை இழந்த இயற்கை நிலத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் புல்வெளிதான். அது 70-ஆ, 85-ஆ என்பதைப் பரப்பளவை வைத்துத் துல்லியமாகச் சொல்லலாம். ஆனால் 'பெரும்பாலும் காடுதான் அழிந்தது' என்ற பேச்சு நிற்காது என்பதை அதற்கு முன்பே சொல்லிவிடலாம். அந்தப் பேச்சு ஜெயிக்க வேண்டுமானால், 1973-ல் சோலையின் பரப்பு புல்வெளியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்திருக்க வேண்டும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்த 68% என்பது 'அழிந்த இடம்' பற்றியது. அழிந்த இடத்தில் மரத் தோட்டமும் உண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு விளையும் வயலும் உண்டு. 'இன்று சீகைத் தோப்பாக இருக்கும் இடத்தில் எவ்வளவு புல்வெளியாக இருந்தது' என்று கேட்டால் 'இல்' மறுபடியும் இடம் மாறுகிறது. அதற்கு 1973 வரைபடத்தையும் 2014 வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கட்டம் கட்டமாகப் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் படம் இல்லாத காலத்தில், அதாவது 1973-க்கு முன்பே நட்ட தோட்டங்களுக்கு அந்த வழியும் கிடையாது. பழைய ஆவணங்களைத்தான் தேட வேண்டும்.

புல்வெளியை ஏன் யாரும் கண்டுக்கலை?

பிரிட்டிஷ் காலத்துக் கணக்குகளில் புல்வெளி என்பது வருமானம் தராத நிலம். மரம் இல்லையென்றால் தரிசு. அந்தப் பார்வை சுதந்திரத்துக்குப் பிறகும் போகவில்லை. தோல் பதனிட சீகை மரப்பட்டை தேவைப்பட்டது. காகிதத்துக்கும் ரேயானுக்கும் மரக்கூழ் தேவைப்பட்டது. மலைவாசிகளுக்கு விறகு தேவைப்பட்டது. காலி இடமாகத் தெரிந்த புல்வெளியில் மரம் நட்டால் காடு பெருகும், வேலை கிடைக்கும், ஆலைகளுக்கும் கச்சாப் பொருள் கிடைக்கும். அன்றைய நிலையில் இதை யாரும் அழிப்பு என்று நினைக்கவில்லை, வளர்ச்சி என்றுதான் நினைத்தார்கள்.

நட்ட இடத்தோடு சீகை நிற்கவில்லை என்பதுதான் பிறகு வந்த சிக்கல். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தோட்டத்தில் இருந்து பக்கத்துப் புல்வெளிக்குத் தானாகவே பரவும். விவசாயத்தால் புல்வெளி குறைந்த விதமும் தோட்டத்தால் குறைந்த விதமும் வரைபடத்தில் வேறு வேறாக இருப்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். மரங்கள் தாமாகப் பரவியது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறது அவர்களின் கட்டுரை.

நம் பள்ளிப் பாடத்தில் குறிஞ்சி என்றால் 'மலையும் மலை சார்ந்த இடமும்'. அந்த நிலத்துக்குப் பெயர் கொடுத்த குறிஞ்சிச் செடி நிழல் அடர்ந்த சோலைக்குள் வளர்வது இல்லை. வெயில்படும் மலைச்சரிவுப் புல்வெளியில்தான் கூட்டம் கூட்டமாகப் பூக்கும். கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலே இருக்கிறது. ஆனால் குறிஞ்சி பூக்கும் புல்வெளிக்கு 'தரிசு' என்று பெயர் வைத்துவிட்டோம். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மேய்வதும், நீலகிரி நெட்டைக்காலி என்ற சின்னப் பறவை கூடு கட்டுவதும் இந்த உயரப் புல்வெளியில்தான். மரம் நட்டால் இவை எதுவும் அங்கே தங்காது.

மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பழனி மலையின் தெற்குச் சரிவில் இறங்கும் ஓடைகள் வைகைக்கும், வடக்குச் சரிவில் இறங்குபவை அமராவதிக்கும் போகின்றன. பெரியகுளம், வத்தலக்குண்டு, பழனி வட்டாரங்களின் அணைகளும் கண்மாய்களும் அந்தத் தண்ணீரை நம்பியவை. மழையைப் பிடித்து மெதுவாக விடும் வேலையைச் சோலையும் புல்வெளியும் சேர்ந்துதான் செய்கின்றன.

செயற்கைக்கோள் 'புல்வெளி'ன்னு சொன்னா நம்பலாமா?

சரி, மிச்சம் இருக்கும் புல்வெளியையாவது கண்டுபிடித்துக் காப்பாற்றலாம் என்றால், அங்கேயும் இதே 'இல்' சிக்கல் வந்து நிற்கிறது.

வானத்தில் இருந்து பார்க்கும்போது அறுவடை முடிந்து கிடக்கும் வயலும், இயற்கைப் புல்வெளியும் சில நேரம் ஒன்றுபோலவே தெரியும். எந்த வரைபடத்திலும் கொஞ்சம் தப்பு இருக்கும். மறுபடியும் ஒரு பேச்சுக்கு எண்கள்: உண்மையான புல்வெளியை 90% சரியாகப் புல்வெளி என்று சொல்லும், புல்வெளி அல்லாததை 10% நேரம் தப்பாகப் புல்வெளி என்று சொல்லும் ஒரு வரைபடம். நல்ல வரைபடம்தானே?

மலையில் 1,000 கட்டம். 600 கட்டம் புல்வெளியாக இருந்த காலத்தில் இந்த வரைபடம் 540 கட்டத்தைச் சரியாகவும், மீதி 400-ல் 40 கட்டத்தைத் தப்பாகவும் புல்வெளி என்று காட்டும். அது 'புல்வெளி' என்று காட்டிய 580-ல் 540 உண்மை. அதாவது 93%.

புல்வெளி சுருங்கி 100 கட்டம் மட்டுமே மிச்சம் இருக்கும் காலத்தில் அதே வரைபடம் 90 கட்டத்தைச் சரியாகக் காட்டும். மீதி 900-ல் 90 கட்டத்தைத் தப்பாகக் காட்டும். இப்போது அது 'புல்வெளி' என்று காட்டிய 180-ல் 90 மட்டுமே உண்மை. சரிபாதி!

செயற்கைக்கோளின் திறமை கொஞ்சமும் குறையவில்லை. புல்வெளி அரிதாகிவிட்டது, அவ்வளவுதான். எது அரிதோ, அதைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லும் தகவலில் பொய்யின் பங்கு கூடும். கொரோனா காலத்தில் 'பாசிட்டிவ்' என்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் தொற்று இருந்தது என்று கேட்டதும் இதே கணக்குதான். அதனால்தான் படத்தோடு நிறுத்தாமல் செருப்புத் தேயக் கள ஆய்வும் செய்ய வேண்டியிருக்கிறது. வரைபடத் துறையில் இதற்கென்றே இரண்டு தனித்தனி துல்லிய அளவுகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, உண்மையான புல்வெளியில் எத்தனை பங்கு வரைபடத்தில் சிக்கியது. இன்னொன்று, வரைபடம் சொன்ன புல்வெளியில் எத்தனை பங்கு உண்மை. அறிக்கையில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விட்டால் சந்தேகப்படலாம், தப்பில்லை.

66% சரியா, 23% சரியா?

தேடிப் பார்ப்பவர்கள் குழம்பும் இன்னொரு இடம் இது. அரசுமணி, ராபின் உள்ளிட்டோர் 2019-ல் வெளியிட்ட அடுத்த ஆய்வில், அந்நிய மரங்களால் போன உயரப் புல்வெளி சுமார் 340 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 23% என்று வருகிறது. ஒரே ஆட்கள், ஒரே விஷயம், ஒரே வருஷ இடைவெளியில் 66% எப்படி 23% ஆனது?

ஆகவில்லை. முதல் ஆய்வில் 'இல்' ஒட்டியிருப்பது பழனி மலைப் புல்வெளியோடு. இரண்டாவதில் நீலகிரி, ஆனைமலை, பழனி என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரப் புல்வெளிகளோடு. முதலாவதில் விவசாயம் உட்பட எல்லாக் காரணத்தாலும் போனது சேரும். இரண்டாவது அந்நிய மரங்களைப் பற்றியது. இரண்டு எண்ணும் சரி. மேற்குத் தொடர்ச்சி மலையின் எண்ணைவிட பழனி மலையின் எண் இவ்வளவு பெரியதாக இருப்பதற்கு, இரண்டும் அளப்பது வேறு வேறு என்பது ஒரு காரணம். அதற்காக பழனி மலையின் 66% சின்ன விஷயம் ஆகிவிடாது.

இப்போ இது ஏன் முக்கியம்?

அந்நிய மரங்களை அகற்றும் விஷயம் பல ஆண்டுகளாக நீதிமன்றத்திலும் அரசிடமும் இருக்கிறது. ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென்று தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு கொள்கையே வெளியிட்டது. கொடைக்கானல் மலையின் பெரும்பகுதி 2013-ல் இருந்து வனவிலங்கு சரணாலயம். அதனால் எந்த இடத்தில் என்ன மரத்தை வெட்டுவது, வெட்டியபின் என்ன செய்வது என்பதெல்லாம் காகிதத்தில் முடிவாகி, பணம் ஒதுக்கி, ஆள் வைத்துச் செய்யப்படும் வேலை. 2018 ஆய்வின் முக்கியமான கவலையே இதுதான்: பெரிய அளவில் தோட்டங்களை அகற்றுவது, பிறகு சோலை மரங்களை மீட்பது என்பதில்தான் நீதிமன்ற உத்தரவுகளும் நிர்வாகமும் கவனம் வைக்கின்றன, புல்வெளி கணக்கிலேயே வருவதில்லை.

கன்று நடுவதில் நிர்வாகத்துக்கு ஒரு வசதி உண்டு. எண்ணிக் காட்டலாம். 'இத்தனை ஆயிரம் கன்றுகள் நடப்பட்டன' என்று எழுதலாம், போட்டோ எடுக்கலாம். புல்வெளி மீட்பில் அப்படி எண்ண எதுவும் இல்லை. சீகையை வெட்டிய பிறகு ஒவ்வொரு வருஷமும் மண்ணில் இருந்து முளைத்து வரும் நாற்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பல வருஷம் கழித்து, காட்டுவதற்கு அங்கே வெறும் புல்தான் இருக்கும். அதிகாரி மாறினால் வேலை நின்றுபோகும். நின்றால் சீகை திரும்பி வந்துவிடும்.

அதற்காக 'எல்லாத் தோப்பும் புல்வெளியாக இருந்தது, எல்லாவற்றையும் வெட்டு' என்று கிளம்புவதும் அதே தப்பின் மறுபக்கம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் என்றால் மூன்றில் மூன்று பங்கு இல்லை. சில இடங்களில் போனது சோலைதான். வயசான தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருவதையும் கொடைக்கானல் பகுதியில் பார்க்க முடிகிறது. அங்கே போய் மேலே இருக்கும் மரத்தை ஒரேயடியாக வெட்டினால் கீழே வளரும் சோலையும் சேர்ந்து போகும். புதிதாகச் சீகை பரவிய சரிவும், நிழல் கட்டிய பழைய தோட்டமும் ஒரே கணக்கில் வராது. 'இந்தத் தோப்பு' என்று மட்டும் சொன்னால் ஒரு பதில். 'வயசான, ஓடைப் பள்ளத்தில் இருக்கும் இந்தத் தோப்பு' என்று சொன்னால் வேறு பதில். சோலை பொதுவாகப் பள்ளத்தில் ஓடையை ஒட்டித்தான் வளரும், புல்வெளி திறந்த மேட்டிலும் சரிவிலும். நிபந்தனை கூடக் கூட வாய்ப்பும் மாறும்.

மலை கிராமங்களுக்கும் இதில் கேள்விகள் இருக்கின்றன. சீகை விறகை நம்பி அடுப்பெரிக்கும் வீடுகள் இன்னமும் உண்டு. 'புல்வெளி போனதற்கு விவசாயிதான் காரணம்' என்று யாராவது சொன்னால், மரத் தோட்டங்களுக்கு அடுத்த இடத்தில்தான் விவசாயம் வருகிறது என்ற ஆய்வின் வரியை எடுத்துக்காட்டலாம்.

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை தாண்டி மன்னவனூர் போகிறவர்கள், அங்கே அலை அலையாக இறங்கும் புல்வெளியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிடுவார்கள். அந்த மலையில் இன்று அரிதாகிப்போன நிலம், 1973 படத்தில் அதிகம் தெரிந்த நிலமும் அதுதான். 2018-ல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-ல் பூக்க வேண்டும்.